இடைவேளையில் கிளம்பிய கோல்கீப்பர்

இந்த மாசியில் கும்பகோணத்திலிருந்து திருமலைராயன்பட்டினத்துக்கு நான் போனது ஒரு கால்பந்தாட்டத்துக்காக. கல்லூரித் தோழி நூர்ஜஹான் அழைத்திருந்தாள். அவள் அண்ணன் ஹனீபா ஊர் கிளப்பின் கோல்கீப்பர். எழுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது, அந்த கிளப் ஒருமுறை லீக் கோப்பையை வென்றது. எண்பதுகளில் பாதி போய்விட்டது, இரண்டாவது கோப்பை வரவில்லை.

காரைக்காலுக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம், ஆறு ரூபாய். அங்கிருந்து தெற்கே டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். உட்கார இடம் கிடைக்காது என்று எண்ணியே ஏறுங்கள்.

இத்தனை வருடக் காத்திருப்பின் காரணத்தை நூர் சாப்பாட்டின் நடுவே சொன்னாள். "லீக் பொங்கலுக்கு முன்னாடி ஆரம்பிக்கும். அப்ப எங்க ஆளுங்க சவூதிலேர்ந்து லீவுல வந்திருப்பாங்க, ஜெயிச்சுக்கிட்டே வருவோம். மாசி வந்தா ஒவ்வொருத்தரா பிளேன் ஏறிடுவாங்க. நெடுங்காட்டுக்காரங்களுக்கு அப்பதான் அறுப்பு முடிஞ்சு ஆள் சேரும்."

இந்த முறை கடைசி ஆட்டம் நெடுங்காட்டு அணியோடு. டிரா செய்தாலே கோப்பை. ஆனால் ஹனீபாவின் விடுமுறையும் அன்றே முடிந்தது. மாலை ஏழேகால் ரயிலை மாயவரத்தில் பிடித்தால்தான் மறுநாள் பம்பாய் வண்டி, அங்கிருந்து சவூதி பிளேன். தவறினால் விசா போகும், வேலையும் போகும். அதனால் பாதி ஆட்டம் அவர், மீதி செல்வராஜ் என்று முடிவாகியிருந்தது. செல்வராஜ் அதுவரை ஒரு லீக் ஆட்டத்திலும் இறங்கியதில்லை.

மைதானத்தை ஒட்டிய வீட்டு மாடியிலிருந்து பெண்கள் பார்த்தோம். இடைவேளை வரை கோல் இல்லை. லீவு முடிந்து கிளம்புகிறவரை நடுமைதானத்தில் நிறுத்தி இரண்டு அணிகளும் கைகொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். நெடுங்காட்டு கேப்டன் கையைக் குலுக்கி, "நல்லபடியா போயிட்டு வாங்க பாய். மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றதும் கூட்டம் சிரித்தது. ஹனீபா கையுறைகளைக் கழற்றி செல்வராஜிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

வழியனுப்ப அவருடைய வாப்பாவும் உம்மாவும் வந்ததால் அன்றே ஊர் திரும்ப வேண்டிய எனக்கும் மாயவரம் வரை காரில் இடம் கிடைத்தது. வழியில், நெடுங்காட்டிலேயே எஞ்சின் கொதித்துவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்தார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் ஹனீபாவை அடையாளம் கண்டுகொண்டார்.

"பட்டினத்து கோலிதானே நீங்க? பாதியிலயே வந்துட்டீங்களா! நல்லதாப் போச்சு. வெடி வாங்கி வச்சிருக்கோம், எதிர்க்க ரைஸ் மில்லுக்கு போன் வரும். சத்தத்தக் கேட்டுட்டே போங்க."

எஞ்சின் ஆறியது. ஹனீபா பெஞ்சை விட்டு எழவில்லை.

"ஏறுடா, ரயிலு ஒனக்காக நிக்காது" என்றார் வாப்பா.

"பத்து நிமிஷம் வாப்பா."

"நிக்கட்டுங்க" என்றார் உம்மா. "அங்கதான் முழுசா நிக்க வுடல."

மில்லில் மணி அடித்தது. கடைக்காரர் ஓடினார், திரும்பும்போது நடந்துதான் வந்தார். "கோலே இல்ல, டிரா. கடைசி நிமிஷத்துல எங்களுக்கு பெனால்டி. ஒங்க செல்வராஜு புடிச்சுட்டானாம்."

வாப்பா இரண்டு கைகளையும் ஏந்தினார். ஹனீபா கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் பாஞ்சான்?"

"அதெல்லாம் போன்ல சொல்லல பாய்." உள்ளே போனவர் வெடிச்சரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்து வந்தார். "இத வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? நீங்களே கொளுத்துங்க."

ஹனீபா அதை நெடுங்காட்டுக் கடைத்தெருவிலேயே கொளுத்தினார். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் தங்கள் அணி ஜெயித்துவிட்டதாக நினைத்துக் குதித்தார்கள். கடைக்காரர் விளக்கி முடிப்பதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ரயில் கிடைத்தது. அது நகர்ந்தபோது கதவருகே நின்று அவர் கத்தினார்: "எந்தப் பக்கம் பாஞ்சான்னு கேட்டு எழுதுங்க வாப்பா!"

ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு: மாசிக் கடைசியில் போங்கள், அப்போதுதான் கோப்பை யாருக்கு என்று தெரியும். பெண்கள் மூன்றரை மணிக்குள் மாடியில் இடம் பிடிக்க வேண்டும். அன்றே ரயில் ஏறும்படி திட்டமிடாதீர்கள். வருடக்கணக்கில் ஒரு கோப்பைக்காகக் காத்திருந்தவர், அது கிடைக்கும்போது வேறு ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

நூர் பிறகு விசாரித்துச் சொன்னாள். செல்வராஜ் எந்தப் பக்கமும் பாயவில்லையாம். பயத்தில் அப்படியே நின்றிருக்கிறான். பந்து நேராக வந்து நெஞ்சில் விழுந்திருக்கிறது. அதை அண்ணனுக்கு எழுதினார்களா என்று நான் கேட்கவில்லை.