கால உள்ள வை, பாப்பா

காஜா மொய்தீனுக்கு வெயில் மேல் ஒரு தனிப் பாசம். ஊரே கத்திரி வெயிலைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் அனகாபுத்தூரில் தன் வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு நல்லா காய்து" என்று சந்தோஷப்படுவார். கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். டீக்கடையில் ஒருவர், "யோவ், உனக்கு மூளை கீளை உருகிடுச்சா?" என்று கேட்டே விட்டார். காஜாவின் பிழைப்பைப் பற்றித் தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

கூடுவாஞ்சேரிக்குச் சற்று முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. காஜா அங்கே ஜெயன்ட் வீல் ஆபரேட்டர். மே மாதம் வந்துவிட்டால் வேன் வேனாக ஜனம் வந்து இறங்கும். இறங்கியதும் ஒரே ஓட்டம், அலைக்குளத்துக்கு. வெயில் எவ்வளவுக்கு எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு தண்ணீரில் தலைகள் கூடும். ஜெயன்ட் வீல் பக்கம் காக்காய்கூட வராது. பெட்டிகளின் இரும்பு தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும்போது எவன் வந்து உட்காருவான்? அந்த நேரம்தான் காஜாவும் பக்கத்து டேஷிங் கார் ஆபரேட்டர் யேசுதாசனும் ஜெனரேட்டர் ஷெட் நிழலில் காலை நீட்டிச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம்.

அப்புறம் கடல்காற்று வரும். சில நாள் சீக்கிரம், சில நாள் தாமதம், ஆனால் வந்துவிடும். முதுகில் அந்தக் காற்றுப் பட்டதும் தண்ணீரில் இருக்கிறவர்களுக்குக் குளிர் எடுக்கும். கண் சிவந்து, உதடு வெளுத்து, ஈரத் துணி சொட்டச் சொட்ட அத்தனை பேரும் ஜெயன்ட் வீலைப் பார்த்து ஓடி வருவார்கள். அதற்குப் பிறகு காஜாவுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. ஒரு பெட்டியை நிரப்பினால் எதிர்ப்பெட்டியையும் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் கனத்துவிடும். கம்பியை இழுப்பார், கொக்கியை மாட்டுவார், இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார், "கால உள்ள வை, பாப்பா" என்பார், அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். ஏறுவது பையனானாலும் பாட்டியானாலும் அவருக்கு எல்லாரும் பாப்பாதான். முகத்தைப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்! கண் கொக்கியை விட்டு விலகாது. விலகவும் கூடாது, உயிர் விஷயம்.

இந்தப் பழக்கத்தால்தான் ஒரு கூத்து நடந்தது. அது இரண்டாயிரமாவது வருஷத்துக் கத்திரி.

வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இலவசப் பாஸ் கொடுப்பார்கள். மனைவி சாஜிதா, மகன் இர்ஃபான், மகள் அனம் மூன்று பேரும் அதில் வந்திருந்தார்கள். அனமுக்கு அப்போது ஆறாம் வகுப்பு முடிந்த லீவு. அலைக்குளத்தில் ஆடித் தீர்த்துவிட்டு அண்ணனும் தங்கச்சியும் ஜெயன்ட் வீல் வரிசையில் வந்து நின்றார்கள். "அத்தா வேலையில கீறாரு, கத்திக் கூப்ட்டு மானத்த வாங்காதீங்க" என்று சாஜிதா சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளைகளும் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தார்கள். காஜா வந்தார். கம்பியை இழுத்தார். கொக்கியை மாட்டினார். இரண்டு தட்டு. "கால உள்ள வை, பாப்பா." அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அனம் குதித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, அத்தாவுக்கு என்னை யாருன்னே தெரியலம்மா! நான் 'வெச்சுட்டேன் அத்தா'ன்னுகூட சொன்னேன். திரும்பியே பாக்கல. கீழ வர்றப்போல்லாம் டாட்டா காட்டினேன், மோட்டாரையே பாத்துக்கிட்டு இருக்காரு!"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. காஜாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண்ணுக்குத் தன் கையாலேயே கம்பி போட்டுவிட்டு, அவள் அத்தா என்று கூப்பிட்டது காதில் விழாமல் போனவனை என்னவென்று சொல்வது? அவர் தன்னைத் தானே என்னென்னவோ சொல்லித் திட்டிக்கொண்டார்.

அனமுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. ஆட்டோவில் ஏறினால் "கால உள்ள வை, பாப்பா." அம்மா நாற்காலி மேல் ஏறிப் பரணில் எதையாவது தேடினால் "கால உள்ள வை, பாப்பா." விருந்தாளிகள் வந்தால் கதை முழுசும் நடிப்போடு அரங்கேறும். ஒவ்வொரு தடவையும் காஜா சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு முள் குத்தும். அந்த "வெச்சுட்டேன் அத்தா" எப்படி ஒலித்திருக்கும் என்று அவரும் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறார். கேட்டிராத குரல் எங்கிருந்து நினைவுக்கு வரும்?

இன்னொரு முறை கூட்டி வந்து ஈடுகட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற நாளில்தான் பூங்காவில் கூட்டம் அலைமோதும். மழைக்கு லீவு விட்டால் ஜனம் வராது, ஆனால் மழையில் ஜெயன்ட் வீலையும் ஓட்டக் கூடாது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனார். பெண் பிள்ளை வளர்வதற்கு மட்டும் யாரும் லீவு விடவில்லை. அனம் பெரிய பெண்ணாகி, பல்லாவரத்துக்குப் பஸ் ஏறிக் காலேஜ் படித்து, பி.காம். முடித்தும் விட்டாள். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் அவளுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை ஷார்ஜாவில் வேலை. தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் முடிந்த கையோடு கூட்டிப் போகிறான் என்பதுதான் ஒரே குறை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், சாப்பிட்டுக்கொண்டே காஜா பொதுவாகப் பேச்சை எடுத்தார். "பாப்பா, ஒரு நாள் பார்க்குக்கு வாயேன். உச்சி வெயில்ல வா. ஜெயன்ட் வீல்ல ஒரு ஈ காக்கா இருக்காது. உனக்குன்னே ஒரு ரவுண்டு சுத்தறேன்."

அனம் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். சாஜிதாதான் பாய்ந்தாள். "உங்களுக்கு இன்னா ஆச்சு? கல்யாணப் பொண்ண கத்திரி வெயில்ல கொண்டாந்து காய வைக்கணுமா? மூஞ்சி கறுத்துப்போனா சம்பந்தி வூட்ல இன்னா பேசுவாங்க?"

"ஷார்ஜால இதைவிட வெயிலாம்மா. இப்பவே பழகிக்கறேன்" என்றாள் அனம். குரலில் கிண்டல் இருந்தது, கண்ணில் இல்லை. காஜா சட்டென்று தண்ணீர்ச் செம்பை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார்.

வியாழக்கிழமை என்று முடிவானது. சூப்பர்வைசர் ராஜகோபால் சாரிடம் அனுமதி வாங்கியாயிற்று. எதிர்ப்பெட்டியில் கனத்துக்கு யாராவது உட்கார வேண்டுமே, அதற்கு யேசுதாசன்.

"வெயில்ல பெட்டி பழுத்துக்கினு இருக்கும் மச்சான். நான் வெந்துடுவேன்" என்றார் அவர்.

"உன் தொப்பைக்கு ஒரு நாளாவது வேலை குடுக்கறேன், உட்காரு."

"உன் பொண்ணுக்காக வேகறேன். உனக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ."

வியாழன் காலை வெயில் சுளீரென்று விடிந்தது. இன்றைக்குப் பழுக்கக் காயும், பகல் முழுக்க வீல் நம்முடையது என்று காஜா அடித்துச் சொன்னார். ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்துத் துடைத்தார். இருக்கையில் சாக்கை நனைத்துப் போட்டார், சாக்கு காயக் காய வாளித் தண்ணீரை ஊற்றினார். கொக்கிக்கு எண்ணெய் போட்டார். செல்போன் வழக்கம்போல ஆபீஸ் பெட்டியில் பூட்டிக் கிடந்தது, டியூட்டியில் வைத்துக்கொள்ளக் கூடாது.

வானம் காஜாவுக்காகவா காய்கிறது? பதினோரு மணிக்கெல்லாம் கிழக்கே மேகம் திரண்டது. வெயில் பட்டென்று அணைந்தது. கடல்காற்று, பிற்பகலுக்கு முன்னால் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத சனியன், ஜிலுஜிலுவென்று வந்து காஜாவின் சட்டையைத் தூக்கியது. மழை வருமா என்றால் அதுவும் இல்லை. சும்மா இதமாக, ஊட்டி மாதிரி! அலைக்குளத்தின் பக்கமிருந்து ஓ என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஜனம் கரையேறிக்கொண்டிருந்தது.

"பேஜாராப் பூட்ச்சே!" என்று யேசுதாசன் தன் டேஷிங் காரை நோக்கி ஓடினார்.

ஜெயன்ட் வீல் முன்னால் வரிசை வளைந்து வளைந்து ஐஸ்கிரீம் கடை வரை போய்விட்டது. காஜாவுக்கு அழுகை முட்டியது. ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை. அனம் எந்த நேரமும் வரலாம். வந்து இந்தக் கூட்டத்தில் நிற்பாள். மறுபடியும் அவர் கொக்கியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டால்? இதுதான் கடைசி. இனி எந்த வருஷம், எந்த லீவு?

ஒரு முடிவு செய்தார். கொக்கியை மாட்டி, தட்டிப் பார்த்து, அப்புறம் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பது. ஒவ்வொரு முகத்தையும். அவள் எதில் இருந்தாலும் விட்டுவிடக் கூடாது.

பார்த்தார். முன்பல் விழுந்த பையன். மூக்குத்தி மினுங்கும் புதுப்பெண். ஏறும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்ட ஒரு பெரிய மீசைக்காரர். காதைத் தேய்த்துக்கொண்டிருந்த குழந்தை. அட, இத்தனை வருஷமாகத் தான் கம்பி போட்டதெல்லாம் இவர்களுக்குத்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர்களில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் மேலே பார்த்தார்கள், மீதிப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையைப் பார்த்தார்கள். ஜெயன்ட் வீலில் ஏறுகிற எவரும் ஆபரேட்டர் முகத்தைப் பார்ப்பதில்லை.

"காஜா, இன்னாய்யா பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொருத்தரையா பாத்துகினு நிக்கறே? சீக்கிரம் ஏத்து!" ராஜகோபால் சார் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார். வரிசையில் விசில் பறந்தது. காஜா காதில் வாங்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. இறக்கினார், ஏற்றினார். இன்னொரு சுற்று. அனம் இல்லை. சாஜிதா தடுத்திருப்பாள், தடுத்தது நியாயம்தான், கல்யாணப் பெண் அல்லவா என்று மனசைத் தேற்றிக்கொண்டார். தேறவில்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

மூன்றாவது சுற்றுக்கு ஏற்றும்போது ஒரு பெட்டியில் ஒரு அம்மா, மடியில் சின்னப் பையன், பக்கத்தில் ஒரு பெண். வெயில் காலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் கட்டுவது போலத் துப்பட்டாவைத் தலையோடு முகத்தோடு சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டார். கம்பி. கொக்கி. இரண்டு தட்டு. நிமிர்ந்து பார்த்தார். மூடிய முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்.

நகர்ந்தவர் நின்றுவிட்டார்.

அந்தப் பெண் மேலே பார்க்கவில்லை. கம்பியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தார். கிட்டே குனிந்தார். "அனம்?"

கண்கள் முதலில் சிரித்தன. பிறகு நிறைந்தன. அவள் துப்பட்டாவைக் கீழே இழுத்தாள். வேர்த்து, சிவந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பார்க்காமல் விட்ட அதே முகம்.

"எப்படி அத்தா கண்டுபிடிச்சீங்க? அம்மா கறுத்துடும்னு மூடி விட்டாங்க. சரி, அத்தாவுக்குத் தெரியுதா பாக்கலாம்னு நானும் கழட்டல." ஐஸ்கிரீம் கடை ஓரத்தில் புர்காவோடு ஒளிந்து நின்ற சாஜிதா இப்போதுதான் வெளியே தலையை நீட்டினாள்.

"வந்தவங்கள்ள நீ ஒருத்திதாண்டி என்னைப் பாத்தே" என்றார் காஜா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடியிலிருந்த பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "காஜா!" என்று ராஜகோபால் சார் மறுபடி கத்தினார். காஜா மாட்டிய கொக்கியைக் கழற்றித் திரும்பவும் மாட்டினார். இரண்டு தட்டுத் தட்டினார். கண்ணைக் கொக்கியிலிருந்து எடுத்து மகள் முகத்தில் வைத்தார்.

"கால உள்ள வை..." என்று ஆரம்பித்தார். "பாப்பா" என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"வெச்சுட்டேன் அத்தா" என்றாள் அனம்.

அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் காஜா அடுத்த பெட்டிக்குப் போனார்.