அரிசி தின்ற கல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்கத்தா கார்டன் ரீச் துறைமுகத்துக்கு மண் சுமக்க வந்தவன், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவன், அதே இடத்தில் மேஸ்திரி ஆகி, பிறகு காண்டிராக்டர் ஆனேன் என்றால் பயந்தாங்கொள்ளியால் முடிகிற காரியமா? அப்படிப்பட்டவன் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் மேஸ்திரியாக இருந்த காலம். கங்கையில் தண்ணீர் வடிந்திருந்த நேரம், கரையோரம் தூண் இறக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். சேற்றுக் கூடையில் ஒரு கறுப்புக் கல் வந்தது. தேங்காய் அளவுதான், தூக்கினால் கையை இழுக்கிறது. மேலே வரி வரியாக மேடு. அத்தனை பேர் நின்ற இடத்தில், அது சாதாரணக் கல் இல்லை என்று கண்டவன் நான் ஒருவன்தான். வீட்டில் ரங்கநாயகி, என் மனைவி, அந்த வரிகளைச் சக்கரம் என்றாள், கங்கை கொடுத்த சாளக்கிராமம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பால் ஊற்றி அந்தத் தீர்த்தத்தை எனக்கும் கொடுத்தாள்.

சாளக்கிராமம் நம்மிடம் இருக்கச் சம்மதிக்கிறதா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. எடை போட்டு, ராத்திரி அரிசிக்குள் புதைத்து வைப்பார்கள். காலையில் எடை கூடியிருந்தால் சம்மதம். நானே தகர டின்னில் வைத்து மூடி, மேலே அம்மிக்குழவியையும் ஏற்றினேன். காலையில் குழவி வைத்தபடி இருந்தது. திறந்தால், நம்பினால் நம்புங்கள், கல்லைச் சுற்றியிருந்த அரிசி மட்டும் மென்று துப்பியது போல் கூழாகி, ஈரமாகக் கிடந்தது. கல் கனத்திருந்தது. எலி என்பீர்கள். எலிக்கு எச்சில் அவ்வளவு ஊறுமா?

வரதன் அன்று வந்தான். எங்கள் ஊர்ப் பையன். கல்கத்தாவில் அவன் இறங்கிய நாள் முதல் கல்யாணம் வரை என் வீட்டுச் சோறுதான். அப்போது பாலிகஞ்சில், கல்லும் எலும்பும் சேர்க்கிற ஒரு துரையிடம் குமாஸ்தா. துரையிடம் காட்டுகிறேன், கண்டெடுத்தவர் என்று உங்கள் பேரை எழுதி வைப்பார் அண்ணே என்றான். என் பேர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகிறது என்று துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

சில நாளில் திருப்பிக் கொண்டுவந்தான். வெறும் ஆற்றுக் கல்லாம். பார்வைக்கு அதேதான், கறுப்பு, வரி எல்லாம். ரங்கநாயகி அதையும் அரிசிக்குள் வைத்தாள். மறுநாள் அரிசி உலர்ந்து அப்படியே இருந்தது.

"இது நம்ம கல்லு இல்லீங்க," என்றாள். "இதுக்குப் பசிக்கல."

பாலிகஞ்சுக்குப் போனேன். பங்களாக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டியில், சிவப்புத் துணிமேல் என் கல். வாசல் காக்கிற தர்வான் பெருமையாகச் சொன்னான்: இப்போது உலகத்திலேயே இல்லாத, யானையைவிடப் பெரிய ஏதோ மிருகத்தின் கடைவாய்ப்பல்லாம், எங்கள் மதராசி பாபு ஆற்றில் குளிக்கும்போது கண்டெடுத்தாராம், துரை அவரைப் பெரிய வேலைக்கு உயர்த்திவிட்டாராம். பல்லுக்குப் பாலாபிஷேகம் செய்து குடித்திருக்கிறோம். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. உள்ளேயிருந்து வரதன் வந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஒரு மேஸ்திரி பேர இதுல போட்டா யாரு அண்ணே மதிப்பா? வீட்டுக்குப் போங்க. அண்ணிகிட்ட சொல்லிக்கிட்டிருக்காதீங்க."

அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கியவன், அவன் சொன்னபடியே படி இறங்கினேன். துரையிடம் சொல்ல எனக்கு இங்கிலீஷும் இல்லை.

வீடு திரும்பியபோது ரங்கநாயகி உலை வைத்துவிட்டு அரிசி எடுக்க டின்னைத் திறந்தாள். போலிக் கல்லை அவள் முன்பே எடுத்துவிட்டிருந்தாள், கல்லே இல்லாத டின். நடுவில் ஒரு கைப்பிடி அரிசி மென்று துப்பியது போல் கிடந்தது.

பிறகு டாக்குரியாவில் சொந்த வீடு கட்டினேன். டின்னும் மாறியது, அரிசிக் கடையும் மாறியது. இன்றும் எப்போதாவது அப்படித்தான் கிடக்கிறது. வரதன் அதற்கப்புறம் என் வாசலை மிதித்ததே இல்லை. கூழாகிக் கிடக்கிற அரிசியை நான்தான் அள்ளிப் போடுகிறேன், ரங்கநாயகி தொடமாட்டாள். ஏனென்றால் அந்த ஈரம், எப்போது தொட்டாலும், வெதுவெதுப்பாக இருக்கிறது.