கப்பல் ஏறப் போகிறவர்களின் நாடி

பிளேக் பரிசோதனைக்காக ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள். தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை மூக்கைத் துளைக்கிறது. நானும் என் மனைவியும் சென்னப்பட்டணத்தில் கப்பலேறி, ஒரு வேலையும் இல்லாமல், கொழும்பு வரை கடலைப் பார்த்துவிட்டு வரப் போகிறோம். நோய்க் காலத்தில் இது என்ன பைத்தியம் என்று ஊரே திட்டியது. நினைத்தால் எங்களுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

என் நாடியைப் பிடித்ததும் டாக்டரின் முகம் மாறுகிறது. "இந்த ஓட்டம் ஓடுதே, ஜுரமா? முகாம்ல வெச்சுப் பாக்கணும்."

முகாமுக்குப் போனால் கப்பல் போய்விடும். என் சிரிப்பு நின்றுவிடுகிறது.

ரயிலில் எங்களோடு பேசிக்கொண்டு வந்த தோல் வியாபாரி பாய் பின்னாலிருந்து கையை நீட்டுகிறார். "ஜுரம் இல்ல டாக்டர் சாப், கப்பல் குஷி. நானும் அதுலதான் போறேன். எத்தினியோ வருஷமா என் சரக்கு சீமைக்குப் போய்ட்டிருக்கு, நான் கடலையே பாத்ததில்ல. என் கையப் புடிச்சுப் பாருங்க."

பாயின் நாடி என்னுடையதைவிட வேகம். என் மனைவிக்கு இன்னும் ஜாஸ்தி. மூவரின் நெற்றியையும் டாக்டர் தொட்டுப் பார்க்கிறார். சூடே இல்லை.

"கப்பலோட மேல்தட்டுக்கெல்லாம் போக விடுவாங்களா?" என்று கேட்டபடி எங்கள் சீட்டுகளில் கையெழுத்துப் போடுகிறார்.

"அங்கேயே படுத்துக்கலாமாம்" என்கிறாள் என் மனைவி.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.