சாக்குக் கொட்டகையில் முடிந்த கதை

சென்ற மாதம் மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். எண்பதைத் தாண்டியும் ஒருத்தி எழுத்தாளர் என்ற பெயரோடு உயிருடன் இருந்தால் பாவம், அவர்களும் ஏதாவது செய்துதானே ஆகவேண்டும். மாலை, பொன்னாடை, நீண்ட பேச்சுகள். போகும்போது ஆளுக்கொரு சணல் பை கொடுத்தார்கள். அதில் என் நாவலின் பெயர் அச்சடித்திருந்தது. என் முகத்தையும் போடுவதாக இருந்தார்களாம்; நல்லவேளை, மனம் மாறிவிட்டார்கள். செமாபோக்கில் மகள் வீட்டுக்குத் திரும்பும்போது நல்ல மழை. காரில் ஏறுவதற்குள் பை முழுக்க நனைந்துவிட்டது.

ஈரச் சணலின் நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஊறிப்போன தவிடும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. எனக்கு அது ஜப்பான்காரன் காலத்தின் வாடை. வீடு வரும்வரை மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. மகள் விழாவின் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த விழாவில் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண் எழுந்து கேட்டாள். "பாட்டி, நாங்க எழுதுனா படிக்க ஆளே கெடைக்க மாட்டேங்குது. நீங்க ஆரம்பத்துல வாசகர்கள எப்படிச் சேத்தீங்க?"

"நெறையப் படிச்சேம்மா. விடாம எழுதுனேன்" என்றேன். வழக்கமாகச் சொல்லும் பதில். கைதட்டினார்கள். அது பொய். உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா செங் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுபவர். வெள்ளைக்காரன் ஓடிப்போனதும் தோட்டம் மூடிக்கொண்டது. அடுத்த மழைக்காலத்தில் மலேரியா அப்பாவைக் கொண்டுபோனது. அம்மாவும் நானும் காஜா பெராங்கில் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. என் சொத்தெல்லாம் ஆறாம் வகுப்புவரை படித்த தமிழும், அப்பா பத்திரிகைகளிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த தொடர்கதைக் கட்டுகளும்தான். அதில் ஒரு கட்டை அம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. அந்த அடுப்பில் எனக்குத்தான் கிழங்கு வெந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு ராவுத்தர் இருந்தார். சண்டைக்கு முன் துணிக்கடை வைத்திருந்தவர். துணியே இல்லாத காலத்தில் கடை ஏது? பழைய கோணிச் சாக்குகளைக் கிழிசல் தைத்து ஜப்பான்காரனுக்குக் கொடுக்கும் வேலையை எடுத்திருந்தார். தகரக் கொட்டகையில் இருபது பெண்கள் சாக்குத் தைத்தோம். விரலளவு ஊசி, சணல் கயிறு, நாளெல்லாம் தூசு. கூலி என்பது பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கும், கிடைத்தால் ஒரு கிண்ணம் உடைந்த அரிசியும். வாசல் பக்கம் தமிழ்ப் பெண்கள் உட்காருவோம். உள்பக்கம் செட்டி கம்பத்துப் பெண்கள், எத்தனையோ தலைமுறைக்கு முன் மலாக்காவுக்கு வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். எங்கள் சாமிதான் அவர்களுக்கும் சாமி, பெயர்கூட எங்கள் பெயர்தான். ஆனால் சாரோங் கட்டுவார்கள், வாய் திறந்தால் மலாய். அந்த மலாயில் அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல் சோற்றுக் கல் மாதிரி கடிபடும். அவ்வளவுதான்.

கதை சொல்ல ஆரம்பித்தது பசியால். என் பக்கத்தில் உட்காரும் அஞ்சலையக்காவின் புருஷனை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். போனவர்களில் யாரிடமிருந்தும் கடிதம் வந்ததில்லை. ஒருநாள் அஞ்சலையக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "புள்ள, வயிறு இழுக்குது. எதையாச்சும் பேசேன், மறந்து தொலைக்கலாம்" என்றாள். நான் அப்பாவின் கட்டிலிருந்து ஒரு கதையை எடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் கட்டுகள் தீர்ந்துபோயின. பிறகு வேறு வழியில்லாமல் நானே கட்ட ஆரம்பித்தேன்.

என் கதாநாயகி சுலோசனா. புருஷன் கப்பலேறி ரங்கூன் போகிறான், தகவல் இல்லை, மாமியார் கொடுமை. உலகத்தில் இல்லாத புதுக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ரங்கூன் என்று சொன்னேன். கேட்டவர்கள் காதில் அது சயாம் என்று விழுந்தது. என் திறமை அவ்வளவுதான். மீதியை அவர்கள் பசியும் பயமும் செய்தன. முதலில் நான்கு பேர் கேட்டார்கள், பிறகு வாசல் பக்கம் முழுவதும். "நீ வாயத் தொற போதும். ஒன் சாக்க நாங்க தச்சுடுறோம்" என்றார்கள். வேகவைத்த கிழங்கில் ஒரு துண்டு எனக்கென்று ஒதுங்கும். உண்மையாகவே பசித்தவர்கள் கொடுத்த துண்டு. கூச்சமில்லாமல் வாங்கித் தின்றேன். எழுத்தாளர்களுக்கு வரும் தலைக்கனம் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டது.

உள்பக்கத்தில் தெய்வானை என்று ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், உதட்டில் வெற்றிலைக் கறை. அக்காவைக் காக் என்பது அவர்கள் வழக்கம் என்பதால் எல்லோருக்கும் அவள் காக். செட்டிப் பெண்களில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காரணம் அவள் புருஷன் சின்னாண்டி. தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை பார்த்த தோட்டத்துத் தமிழன். அவளுக்காக அவன் மலாய் கற்றுக்கொண்டான், அவனுக்காக அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். ஒரு காலையில் உப்பு வாங்கப் போனவனைத் தெருவிலேயே பிடித்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். சட்டைகூடப் போடாமல் போனான் என்று அடிக்கடி சொல்லுவாள்.

நான் சொல்லச் சொல்லக் காக் தன் பக்கத்துப் பெண்களுக்கு மலாயில் சொல்லிவந்தாள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். என் பக்கம் சும்மா இருக்கும் இடத்தில் அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. நான் மாமியாரைக் கொடுமைக்காரி என்று சொன்னால், காக் அந்த மாமியார் கிழங்கை ஒளித்துவைத்துத் தின்பதை நடித்துக் காட்டினாள். எங்கள் எல்லோருக்கும் மலாய் தெரியும். ஒவ்வொருத்தியாகச் சாக்கை இழுத்துக்கொண்டு உள்பக்கம் நகர ஆரம்பித்தார்கள். அஞ்சலையக்காகூட, "இல்ல புள்ள, அங்க வெளிச்சம் நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள். உள்பக்கத்தில் சன்னலே கிடையாது.

பொறாமை என்ன செய்யும் தெரியுமா? ஒரு திங்கட்கிழமை சுலோசனாவைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டேன். புருஷன் திரும்பமாட்டான் என்று தெரிந்து அவளே குதித்ததாகச் சொன்னேன். கதை முடிந்தது, இனிமேல் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. கொட்டகையில் ஒரு ஊசி அசையவில்லை. அஞ்சலையக்கா முகத்தைச் சாக்கில் புதைத்துக்கொண்டாள். எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது.

அப்போது உள்பக்கத்திலிருந்து காக்கின் குரல் மட்டும் கேட்டது. "பெலும் மாத்தி." இன்னும் சாகவில்லை என்று மலாயில் சொன்னாள். கிணற்றுக் கயிறு சுலோசனாவின் கையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிக் கதையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

வேலை முடிந்ததும் அவளிடம் சண்டைக்குப் போனேன். "என் கதைய நீ ஏன் காக் மாத்துற?"

அவள் கோபப்படவில்லை. தன்னுடைய தமிழில் மெதுவாகச் சொன்னாள். "நீ அவள சாவ வச்சிட்டு வீட்டுக்குப் போய்டுவ. இவங்க எல்லாம் எப்பிடி வீட்டுக்குப் போறது?"

மறுநாள் நானும் சாக்கை இழுத்துக்கொண்டு உள்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் சொன்னாள். கடைசி நாளில் அந்தப் புருஷன் திரும்பிவந்தான். முடி கொட்டி, பல் போய், எலும்பாக வந்தான். வாசலில் நிற்கும் பெண்ணை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இது யார் வீடு என்று கேட்கிறான். சுலோசனா தன் பெயரைச் சொல்லவில்லை, அழவில்லை. "மாக்கான் டுலு" என்கிறாள். முதலில் பசியாறு. அவன் சாப்பிடச் சாப்பிட, அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அதோடு முடித்துவிட்டுக் காக் ஊசியில் கயிறு கோத்தாள். வேலை நிற்கிறதே என்று திட்ட வந்த ராவுத்தர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு காக் அதிக நாள் வேலைக்கு வரவில்லை. கால் வீங்கிவிட்டது. கிழங்கு மட்டுமே தின்றவர்கள் பலருக்கு வந்த வீக்கம்தான். பார்க்கப் போனேன். விரலால் தொட்டால் குழி விழுந்து அப்படியே நின்றது. மருந்து எங்கும் இல்லை. தங்கை மங்களம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"நீ எழுதத் தெரிஞ்சவ. ஒருநாள் இது புஸ்தகமா வரும்" என்றாள் காக்.

"வந்தா ஒன் பேரையும் போடுறேன் காக்."

"என் பேரு வேணாம். கதையில வர்ற ஆம்பளைக்குச் சின்னாண்டின்னு பேர் வை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க. எப்பிடி வந்தாலும் சோறு இருக்குன்னு தெரியட்டும்."

வைக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். பத்து நாளில் காக் போய்விட்டாள். ஜப்பான்காரன் தோற்று ஓடியபோது அவள் இல்லை.

சண்டை முடிந்ததும் மறுபடியும் காகிதம் கிடைத்தது, பத்திரிகைகள் வந்தன. நான் கதையை எழுதிக் கோலாலம்பூரில் ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் என்னை வரச்சொன்னார். நல்ல மனிதர், எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். "முடிவு பிரமாதம்மா. ஆனா கதாநாயகனுக்குச் சின்னாண்டின்னு பேரா? படிக்கிறவங்க சிரிச்சுடுவாங்க. சந்திரன்னு வைக்கலாமே" என்றார்.

மறுத்திருக்கலாம். காப்பி ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அச்சில் என் பெயரைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை தொண்டைவரை நின்றது. முடிவு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வாராவாரம் கடிதங்கள். தோட்டங்களில், முடிதிருத்தும் கடைகளில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கூடி நின்று கேட்டார்கள். புத்தகமாகவும் வந்தது. பிள்ளைக்குச் சந்திரன் என்று பெயர் வைத்ததாக எழுதினார்கள். காஜா பெராங்கில் நான் நடந்தால் வழிவிட்டார்கள்.

புத்தகத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மங்களத்தைப் பார்க்கப் போனேன். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சாரோங்கில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். நான் கொடுத்த வாக்கைக் காக் அவளிடம் சொல்லியிருந்தாள். பக்கங்களைப் புரட்டிவிட்டு மலாயில் கேட்டாள். அத்தான் பெயர் எங்கே இருக்கிறது, காட்டு, விரலை வைத்துப் பார்க்கிறேன் என்று.

நான் ஆசிரியரைப் பற்றி ஏதோ சொன்னேன். வாசகர்களைப் பற்றிச் சொன்னேன். என் மலாய் எனக்கே கேட்கவில்லை.

மங்களம் திட்டவில்லை. எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு சொன்னாள். சின்னாண்டி திரும்பி வந்தாராம். தொடர்கதை வந்துகொண்டிருந்த சமயத்தில்தான். ஒரு காலில் பெரிய புண்ணோடு வந்து, காக் இல்லை என்று தெரிந்துகொண்டு, போக இடமில்லாமல் ஒரு மாதம் இவர்கள் வீட்டில் இருந்திருக்கிறார். வாராவாரம் மூலையில் இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போய்க் கதை கேட்டிருக்கிறார். அது எந்தக் கதை என்று மங்களத்துக்கு அப்போது தெரியாதாம். கடைசி வாரம் கேட்டுவிட்டு வந்து மங்களத்திடம், "அந்தச் சந்திரன் குடுத்து வச்சவன்" என்று சொன்னாராம். மறுநாள் விடியும்போது படுக்கை காலியாக இருந்தது. பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நான் தேடினேன். பத்து பெரெண்டாம் சாலையில் கடை கடையாக விசாரித்தேன், செங் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில் கேட்டேன். காலில் புண்ணோடு சயாமிலிருந்து வந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். சின்னாண்டிகளும் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் அவர் இல்லை.

இரண்டாம் பதிப்புக்குத் திருத்த வந்த தாள்களில் சந்திரன் என்று இருந்த இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னாண்டி என்று எழுதினேன். நாற்பது பக்கம்வரை எழுதியிருப்பேன். யாருக்காக இனிமேல் என்று கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்படியே அனுப்பினேன். அது சோம்பலா கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். ராவுத்தர் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. செட்டி கம்பத்தில் சில வீடுகள் மீதமிருக்கின்றன. மங்களத்தின் வீடு அவற்றில் இல்லை. எங்களோடு சாக்குத் தைத்தவர்களில் கடைசியாக அஞ்சலையக்கா இறந்து பல வருஷமாகிறது. அவளும் புருஷன் வருவான் என்று ஒரு தட்டைக் கழுவிக் கழுவி வைத்தவள்.

மூன்று வாரம் காக் சொன்னாள் என்றேன் அல்லவா. கயிற்றைப் பிடித்துக் கிணற்றிலிருந்து ஏறிய சுலோசனா அதன் பிறகு எங்கே போனாள், யாரோடு இருந்தாள், எத்தனை வருஷம் எதைத் தின்று உயிர் வைத்திருந்தாள் என்று நாள் தவறாமல் சொன்னாள். எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கடைசி நாள் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. நடுவில் நானாக ஏதோ இட்டு நிரப்பினேன். இத்தனை வருஷத்தில் அந்த நடுப்பகுதியைப் பற்றி ஒரு வாசகர்கூட எனக்கு எழுதியதில்லை. அவள் சொன்னதைக் கேட்ட இருபது பேரில் நான் ஒருத்தி பாக்கி. எனக்கும் அது நினைவில்லை.