சக்கரை மாத்திரை

டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து, கிளாஸுக்கு மேல் பிடித்து அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது என் காதில் விழுந்துவிடுகிறது. நான் திரும்புவதில்லை. திரும்பினால் அங்கே நைனாவின் கைதான் தெரியும். அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நைனா பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். கல்யாணத்துக்கு எடுக்க வரும் குடும்பங்களுக்கு டீ சொல்வது கடையின் வழக்கம். அவர்கள் மட்டும் குடிக்கக் கூசுவார்கள் என்று விரிப்பவருக்கும் ஒரு கிளாஸ் வரும். சேர்ந்து குடித்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் புடவை போகும். முகூர்த்த மாதங்களில் அவர் சோற்றைவிட டீயில்தான் உயிர் வாழ்ந்தார். சக்கரை வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள்.

அப்புறம் கடையில் யாரோ அந்த டப்பாவைக் காட்டியிருக்கிறார்கள். நான் அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நடந்த பேச்சு, அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இன்னா இது, பொம்ம சாமான் மாதிரி இருக்குது?"

"சக்கரை மாத்திரடீ. டீயில ரெண்டு போட்டாப் போதும், கரைஞ்சிடும்."

"அப்ப ஆஸ்பத்திரி மாத்திர?"

"அதுவும் சக்கரைக்குத்தான், இதுவும் சக்கரைக்குத்தான். இனிப்பா ஒண்ணு இருக்கசொல்ல எவன் கியூவுல போய் நிப்பான்?"

எங்கள் தெருவில் டீயில் போடுவதும் சக்கரைதான், உடம்பில் வந்து உட்காரும் நோயும் சக்கரைதான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும்போது மாத்திரை மட்டும் எப்படி இரண்டாகும்?

கால் புண் ஆறாமல் அவரைச் சேர்த்தபோது, மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அம்மா நிமிர்ந்து நின்றாள். "ஒரு வேளகூட உட்டதில்ல சார். என் கையாலதான் போடுவேன்." சுருக்குப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் டப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இது வெறும் இனிப்பு, மருந்தே இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அந்த வாக்கியம் எனக்கு மட்டுமே புரிந்தது.

"இன்னாடா சொல்றாரு?"

"நல்லா பாத்துக்கினீங்கன்னு சொல்றாரும்மா."

நைனா அந்த வார்டைவிட்டு வீட்டுக்கு வரவில்லை.

இப்போது வீட்டில் மத்தியான வேளைகளில் அம்மா சட்டென்று தலையைத் தூக்குவாள். "டிக்குனு கேட்டுச்சு, இல்ல?" பல்லி என்பேன். எனக்கும் கேட்டிருக்கும்.

இந்த இனிப்பு மாத்திரைகளைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று சமீபத்தில் டிவியில் விவாதம் நடந்தது. நாள்பட்டால் கெடுதல் என்றார் ஒருவர். இதையும் பிடுங்கிவிட்டால் நோயாளிகள் மறுபடி சீனிக்குத்தான் போவார்கள் என்றார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. 'இது மருந்து அல்ல' என்று டப்பாமேல் தமிழில் பெரிதாகப் போட்டால் போதுமே என்று நினைத்தேன். உடனே, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே என்று உறைத்தது. விற்கிறவர் வாயால் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட முடியுமா? அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

விவாதம் எதிர்வீட்டு அக்கா வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. "சக்கரை மாத்திர விசமாமே! கவருமெண்டே நிறுத்தப் போவுதாம்."

அம்மாவுக்கும் சக்கரை இருக்கிறது. அந்த வாரம் அவள் குதிகாலில் செருப்புக் கடித்த புண்ணைப் பார்த்தேன். ஓரம் கறுத்திருந்தது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தால் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"ஏம்மா போடல?"

"விசத்த இன்னாத்துக்கு முழுங்கணும்? உங்க நைனாவ அதானே கொன்னுச்சு. அதயும் நாந்தானே போட்டேன், என் கையால."

இவளிடம் இந்த மாத்திரை வேறு என்று சொன்னால், அந்த மாத்திரை என்ன என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் புண் காத்திருக்காது.

"மா, அது வேற, இது வேற. இது மருந்து. அது இனிப்புக்குப் போடறது. அது கெடுதலா இல்லையான்னு பெரிய பெரிய ஆளுங்களே சண்ட போட்டுக்கினு இருக்காங்கோ. ஆனா நைனாவ அது கொல்லலமா."

"அப்ப அவருக்கு மருந்து?"

"அவரு சாப்பிடவே இல்லமா."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த டாக்டரு இங்கிலீஸுல சொன்னது இதானா?"

"இதான்மா."

"இத்தினி நாளா நீ ஒருத்தனே வச்சிக்கினு இருந்தியா?"

நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை வாயில் போடாமல் என்னைப் பார்த்தாள்.

"இத குடுத்திருந்தா இருந்திருப்பாரா?"

"தெரியலமா."

போட்டுக்கொண்டாள். புண் மெல்ல ஆறிக்கொண்டு வருகிறது. மருந்தை இப்போது அவள் ஒரு வேளைகூட விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாய்க்குக் கொண்டுபோகும் முன் அதே கேள்வியைக் கேட்கிறாள். தெரியவில்லை என்கிறேன். அதன் பிறகுதான் விழுங்குகிறாள்.