மைக்கில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

பிரசார ஜீப் வழியை மறித்திருப்பதால் எங்கள் பஸ் சங்கரன்கோவில் கடைவீதியிலேயே நிற்கிறது. "கம்பெனிப் பணத்துல கட்சி நடந்தா, பேச்செல்லாம் பூட்டின ரூமுக்குள்ளதான் நடக்கும். எதையும் ஜனங்க முன்னால பேசணும்," என்கிறார் ஜீப்பில் மைக்கோடு நிற்கும் பெண் வேட்பாளர்.

என் பக்கத்து இருக்கையில் இருக்கும் திருவேங்கடம் ஊர்க்கார அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறார். "காத்தாலைக் கம்பெனிக்காரன் எங்க ஓடைய மறிச்சு ரோடு போட்டுட்டான். அவன ஊருக்குக் கூப்பிட்டு எங்க முன்னால பேசுவீகளா?"

"ஜெயிச்சதும் கூப்பிடுதேன், அக்கா."

"ஜெயிச்ச பொறவு உங்களப் பிடிக்க முடியாது. இந்த ஞாயித்துக்கிழமையே கூப்பிடுங்க."

பஸ்ஸே சிரிக்கிறது. வேட்பாளருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. "சரி, ஞாயித்துக்கிழமை நான் வாரேன். அவங்களையும் வரச் சொல்லுதேன்," என்று மைக்கிலேயே சொல்கிறார்.

ஜீப் ஒதுங்க, பஸ் கிளம்புகிறது. அக்கா என்னிடம் கேட்கிறார், "மைக்குல சொன்னது எல்லாருக்கும் கேட்டிருக்கும்லா?"

"கடைவீதி முழுக்கக் கேட்டிருக்கும்."

"அப்பம் அவங்க வந்துதான் ஆகணும்," என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டுகிறார்.