ரோட்டில் கிடக்கும் தழை

திருச்செங்கோடு தாண்டி நாமக்கல் ரோட்டில், நட்ட நடுவே வேப்பந்தழை கிடக்கிறது. எனக்கு முன்னால் போகும், போர்வெல் போடும் ரிக் லாரி சட்டென்று வேகம் குறைகிறது. நானும் பிரேக்கை மிதிக்கிறேன். தழை கிடந்தால் சற்றுத் தள்ளி ஏதோ லாரி பழுதாகி நிற்கிறது என்று அர்த்தம்.

லாரி எதையும் காணோம். நூல்மில் வேலை முடித்த பெண்கள் டிபன் கூடைகளோடு நிதானமாக ரோட்டைக் கடக்கிறார்கள். டவுன் பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும்.

காரை ஓரங்கட்டி இறங்குகிறேன். தழையருகே காவல் நிற்கும் பெண்ணிடம், "லாரி எங்கேங்க?" என்கிறேன்.

"லாரி இல்லீங்க, நாங்கதான்" என்று சிரிக்கிறார். "மெதுவாப் போகச் சொல்லி போர்டு இருக்குது, ஆரு பாக்கறாங்க? போன வருசம் எங்க மில்லு மல்லிகாவுக்கு இங்கதான் வண்டி மோதி காலு ஒடைஞ்சுது. தழையப் பாத்தா எந்த டிரைவரும் பிரேக் புடிச்சிருவாருங்க. எங்கூட்டுக்காரரும் லாரிதான் ஓட்டறாரு, எனக்குத் தெரியாதா?"

"வேகத்தடை கேட்டீங்களா?"

"எழுதிக் குடுத்திருக்கறோம். வாங்காம உடமாட்டோம்."

பஸ் வந்துவிட்டது. எல்லோரும் ஏறியாயிற்று. இவர் மட்டும் தழையை ஒரு இலை விடாமல் வாரிக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருக்கிறார்.

"நாளைக்கும் வேணுமே, கிடக்கட்டுமேங்க" என்கிறேன்.

"ஆகாதுங்க. சும்மாவே கெடந்தா, நாளைக்கு எங்கூட்டுக்காரரு வண்டி நெசமாவே நின்னுபோனா, ஆருங்க பிரேக் புடிப்பாங்க?"